நோவில்லாத பதினாலு பேர்

கிழக்கு வெளுக்கும்போதே பொத்தான் ஆலையின் சாய அறையில் கொப்பரைகள் கொதித்தன. எட்டுப் பெண்கள் நீளக் கரண்டியால் பொத்தான்களைக் கிளறினார்கள். ஆவி கண்ணைக் கரித்தது. அவர்களில் ஒருத்தி குருவியின் அக்கா. ஆயிரமாயிரம் பொத்தான் கிளறிய அவள் விரலுக்குப் பிள்ளையின் சட்டையில் ஒன்றை மாட்ட இப்போது வரவில்லை.

அந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு விரல் மரத்துவிட்டது. சாயத்தைத் தொடாமல் பொத்தானுக்குத் துளை போடும் குருவியின் துளைப்பிரிவிலோ பன்னிரண்டு பேரில் ஒருத்திக்குத்தான். ஆறு பேரையும் மாதக் கடைசியில் நிறுத்துவதாக அறிவிப்பு. சாயத்தால் வந்தது என்று நிரூபித்தால் நிறுத்த முடியாது.

மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டு அறிக்கையைத் தட்டினார்.

"நிபுணர் பாத்துட்டார். கைஸ்கொயர்னு ஒரு சோதனை. எதிர்பார்க்கிற எண்ணிக்கை குறைஞ்சது அஞ்சு இருக்கணும். உங்களுக்கு ரெண்டு சொச்சம்தான். சோதனை செல்லாது. அதனால சாயத்துக்கும் விரலுக்கும் சம்பந்தமில்ல."

"ரெண்டு சொச்சம்னா என்ன சார்?" என்றாள் அக்கா.

"இருபது பேர்ல ஆறு பேருக்கு நோவு. சாயம் காரணமில்லன்னா, உங்க எட்டுப் பேர்ல அவ்வளவு பேருக்குத்தான் வரணும்."

"வந்தது அஞ்சு பேருக்காச்சே."

"கூட்டம் பத்தாதும்மா. இன்னும் நூறு பேர் இருந்தா சோதனை தாங்கும்."

"அதுவரைக்கும் கொப்பரைக்குப் பிள்ளை பெத்துப் போடச் சொல்றீங்களா?" என்றாள் வாயாடி. துளைப்பிரிவில் அவளுக்கு அதுதான் பேர்.

குருவி ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். நாலு பேர் நடுவே பேச நா எழாது. ஆனாலும் அந்த அறிக்கையின் நகலோடு மருத்துவமனையில் புள்ளிவிவரம் எழுதும் அம்மாளிடம் போய் நின்றாள்.

"மூட்டை நிறுக்கிற தராசுல ஊசியை வெச்சுட்டு, ஊசிக்கு எடையே இல்லைன்னு எழுதியிருக்கான்" என்றாள் அந்த அம்மாள். "சின்னக் கூட்டத்துக்குன்னே ஃபிஷர் சோதனை இருக்கு. இருபது பொத்தான்ல நோவுக்காரங்களுக்குன்னு ஆறு கறுப்பு வை. சாய அறைக்குன்னு பாக்காம எட்டு எடு. அஞ்சோ ஆறோ கறுப்பா எத்தனை தடவை வருதுன்னு பாரு. அந்தச் சோதனை எல்லா வழியையும் ஒண்ணுவிடாம எண்ணும்."

சாப்பாட்டு நேரங்களில் மாறி மாறி எடுத்தார்கள். இருநூறு தடவையில் நாலே தடவை வந்தது. அம்மாளின் துல்லியக் கணக்கும் நூற்றுக்கு இரண்டைத் தொடவில்லை; சாயம் காரணமில்லாமல் தற்செயலாக அப்படி வருவது அவ்வளவு அரிது. தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்த அவள் ஒன்று சொன்னாள்: "நோவுக்காரங்க கையெழுத்து மட்டும் போதாது. நல்லா இருக்கிற பதினாலு பேரும் போடணும். அவங்க இல்லைன்னா ஒப்பிட ஆளே இல்லை."

மறுநாள் மனு துளை எந்திரத்தின் மேல் விரிந்தது. மேலாளர் வந்துவிட்டார்.

"உன் விரல் நல்லாத்தானே இருக்கு? உனக்கென்ன வம்பு?"

குருவி பேனாவை எடுத்தாள். "நல்லா இருக்குன்னுதான் சார் எழுதிக் குடுக்கிறேன்."

"கையெழுத்துப் போட்டவ நாளைக்கு வர வேண்டாம்."

குருவி போட்டாள். பேனாவை எந்திரத்தின் மேல் வைத்தாள். பிறகு வாயாடி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அப்புறம் பேனா ஓரிடத்தில் நிற்கவில்லை. அக்கா போடும்போது அது இரண்டு முறை நழுவியது. தாள் நகராமல் குருவி பிடித்துக்கொண்டாள்.

தொழிலாளர் அலுவலகம் இரண்டு கல் தூரம். பின்னால் வந்த லாரி ஒலி எழுப்பியும், தோளோடு தோள் சேர்ந்து நடந்த இருபது பேரும் விலகவில்லை.

"அங்க குப்பையில போட்டுட்டா?" என்றாள் அக்கா.

"இன்னொண்ணு எழுதுவோம்" என்றாள் குருவி. "எண்ணத் தெரிஞ்சுபோச்சில்ல."