கிணற்றடிக் குழி

தம்பின் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கிய நல்லையா மலாக்காவுக்கு நடந்தே வந்தான். அங்கிருந்து மலாக்கா போகும் கிளைப் பாதையின் தண்டவாளத்தையும் ஜப்பான்காரன் பிடுங்கி, சயாமில் புது ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தான். நல்லையா ஒன்றரை வருஷம் தோளில் சுமந்தது அதே தண்டவாளமாகக்கூட இருக்கலாம். பாதை போட்டு முடிந்ததும், இனி எதற்கும் உதவமாட்டார்கள் என்று திருப்பி அனுப்பப்பட்ட சிலரில் அவனும் ஒருவன்.

ஊருக்குச் சற்று முன்னால் செங் கிராமத்தைத் தாண்டியதும் கால் பின்வாங்கியது. மலாக்காவின் காஜா பெராங் பகுதியிலிருந்த வீட்டில் அவனுக்கென்று மனைவி மக்கள் கிடையாது. இருந்தது செவலை என்கிற நாய் ஒன்றுதான். அது செத்திருக்கும். கொன்றது தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

நாய் வளர்ப்பில் நல்லையா அப்படியொரு கறார்ப் பேர்வழி. தெருவில் திரியும் நாய்களைச் சிப்பாய்கள் சுடுகிறார்களே என்று, வேலைக்குப் போகும்போது கொல்லையில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவான். எவனாவது விஷம் வைத்துவிடுவானோ என்று, தரையில் கிடப்பதை மோந்துகூடப் பார்க்காதபடி பழக்கியிருந்தான். கையில் வைத்து ஊட்டினால்தான் செவலை தின்னும். ஒருநாள் காலை அதைக் கட்டிவிட்டுச் சந்தைக்குப் போனவனைச் சயாம் பாதை வேலைக்கென்று லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். சயாம் காட்டில் பக்கத்துப் பாயில் ஆள் செத்துக் கிடந்தபோதும் அவன் நினைத்தது அந்தச் சங்கிலியைத்தான்.

பக்கத்து வீட்டு மளிகைக்கடைக் காதர் மைதீன் பார்த்துக்கொள்வார் என்று நம்பவும் வழியில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. ஐந்து வேளை தொழுகிற மனுஷர். செவலை கிணற்றடியில் மூக்கை நீட்டினாலே, "எச்சில் பட்டா தொழுகைக்கு ஆகாதுப்பா, பிடி ஒன் நாயை!" என்று சண்டைக்கு வந்துவிடுவார்.

நல்லையா கொல்லைப் படலைத் தள்ளினான். கொய்யா மரத்தில் சங்கிலி அப்படியே இருந்தது. அதன் மறுமுனையில் செவலை நின்றது.

அது ஒரு கணம் மோப்பம் பிடித்தது. பிறகு கேவிக்கொண்டே பாய்ந்து அவனைக் கீழே தள்ளி முகமெல்லாம் நக்கியது. நல்லையா நம்பாமல் அதன் காதைப் புரட்டிப் பார்த்தான். ஒரு உண்ணி இல்லை. கழுத்துப்பட்டைக்கு அடியில் துணி சுற்றியிருந்தது. வேப்பெண்ணெய் மணத்தது.

"வந்துட்டியா? அல்ஹம்துலில்லாஹ்!" கையில் அவித்த மரவள்ளியோடு காதர் மைதீன் நின்றிருந்தார். ஆளே பாதியாகியிருந்தார்.

"யாரு பாய் இதைப் பார்த்துக்கிட்டது?"

"பின்ன, ஜப்பான்காரனா வந்து பார்த்துக்கிட்டான்? தட்டுல வச்சேன், தொடலை. குச்சியால தள்ளிப் பார்த்தேன், மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. மூணு நாள் பட்டினி. என்ன நாயடா வளர்த்திருக்கே! கடைசியில கையாலதான் ஊட்டினேன்."

"நீங்களா? அவுத்து விட்டிருக்கலாமே?"

"விட்டா சுட்டுருவானுங்க. நீ கட்டி வச்சது சரிதான் தம்பி. சாயங்காலம் நானே சங்கிலியப் பிடிச்சு ரெண்டு நடை கூட்டிப் போவேன்."

சரிதான் என்ற அந்த ஒரு வார்த்தையில் நல்லையாவுக்கு ஒன்றரை வருஷத்துப் பாரம் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கிணற்றடியில் ஒரு குழி தெரிந்தது. முழங்கால் ஆழம் இருக்கும்.

"அது என்ன பாய், பதுங்குகுழியா?"

"நாய் வாய் வச்ச கைய ஏழு தடவை கழுவணும்ல? அதுல ஒரு தடவை மண்ணால. தினம் ஒரு பிடி எடுத்தேன். சவுக்காரம்தான் கிடைக்கலை, மண்ணுக்கு என்ன பஞ்சம்?" வெங்காயம் விலை சொல்வதுபோல் சொல்லிவிட்டார்.

நல்லையா குழியருகே போய் நின்றான். சயாமில் ஆயிரம் பேர் சேர்ந்து மலையைக் குடைந்ததைப் பார்த்தவன் அவன். அப்போதெல்லாம் பயந்தானே தவிர, இப்படி மலைத்து நின்றதில்லை. ஒற்றை மனுஷர், ஒரு கை, ஒவ்வொரு பிடியாக இவ்வளவு ஆழம்!

"இந்தா, இன்னிக்கு நீயே குடு" என்று கிழங்கை நீட்டினார் காதர் மைதீன். நல்லையாவின் கையிலிருந்து அதை மென்று முடித்த செவலை, நேரே போய் அவர் கையை ஆசைதீர நக்கியது.

"பார்த்தியா! இன்னிக்காவது தப்பிச்சேன்னு நெனச்சேன்." முணுமுணுத்தபடி குழியோரம் குந்தி ஒரு பிடி மண்ணை அள்ளினார். நல்லையா வாளியை இறக்கினான். அவர் கையில் ஊற்றினான், வாய்விட்டு எண்ணிக்கொண்டே.

"போதும்டா, ஏழாச்சு" என்றார் காதர் மைதீன்.

நல்லையா ஊற்றிக்கொண்டே இருந்தான்.