கப்பித்தான் ஏன் திரும்பி வந்தான்

ஓட்டைக் கப்பலில் எந்தக் கதை திறம் என்று கேட்டால் இப்போதும் நான் சண்டைக்கு வருவேன். பால் காய்ச்சின கதைதான் திறம். மற்றவர்கள் ஆயிரம் சொல்லட்டும்.

ஓட்டைக் கப்பல் என்பது நாங்கள் வைத்த பெயர். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஞாயிறு பின்னேரங்களில் ரீவியில் வந்த கார்ட்டூன் படம் அது. எண்பத்தெட்டிலும் எண்பத்தொன்பதிலும் விடாமல் பார்த்தோம். தொடக்கத்தில் பெயர் போடும்போது படம் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் என்பதால் அதன் உண்மையான பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விண்வெளியில் ஒரு பழைய கப்பல். அதற்குள் வயிறு பெருத்து வண்டி வைத்த ஒரு கப்பித்தான், சமைப்பதற்கு ஆறு கையுள்ள ஒரு குசினிக்காரி, உடம்பெல்லாம் துருவேறிக் கறள் பிடித்த ஓர் இயந்திர மனிதன். அவனுக்குக் கறளன் என்று நாங்களே பெயர் வைத்தோம். மூவருக்கும் பேச்சுக் கிடையாது. முணுமுணுப்பார்கள், செருமுவார்கள், கத்துவார்கள். சொந்தக் கிரகம் எங்கே இருக்கிறதென்று மறந்துபோய் ஒவ்வொரு கிழமையும் பிழையான கிரகத்தில் போய் இறங்குவார்கள். அதற்கே நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

அச்சுவேலியில் எங்கள் ஒழுங்கையில் ரீவி இருந்தது சிவசுப்பிரமணியம் அண்ணை வீட்டில் மட்டும்தான். அவர் நில அளவைக் கந்தோரில் வேலை. எவனுடைய வேலியாவது ஓர் அங்குலம் தள்ளி நின்றாலும் அவருக்குச் சோறு இறங்காது. மனைவி நாகேஸ்வரி அக்கா அப்படியொரு மனிதரைக் கட்டியும் சிரிப்பை விடாதவர். நான் மீனாம்பிகை, பக்கத்து வீடு, சங்கக்கடையில் வேலை. நாலாவது ஆள் சிமியோன் அண்ணை. அவர் ஓட்டைக் கப்பலின் ஒரு படத்தையும் கண்ணால் கண்டதில்லை.

குற்றம் அன்டெனாவுடையது. குசினிச் சுவரோடு நட்ட பைப்பின் உச்சியில் அது நின்றது. காற்றடித்தால் திரும்பிவிடும். செங்கல் வைத்து இறுக்கினோம், கயிறு கட்டினோம், சிவசுப்பிரமணியம் அண்ணை கந்தோர்ச் சாமான்களைக் கொண்டுவந்து கோணம் அளந்தும் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. ஒரு மனிதன் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் வரும். நான் பிடித்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அண்ணை பிடித்தால் ஒன்றுமே தெரியாது. பேக்கரியில் மா குழைக்கிற சிமியோன் அண்ணை ஒருநாள் பாண் கொண்டு வந்த இடத்தில், "ஒருக்காப் பிடியுங்கோ தம்பி" என்று அக்கா கேட்டார். கண்ணாடி மாதிரிப் படம் வந்தது. அதோடு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுடையதாகிவிட்டன.

"உள்ளுக்கு வந்து கொஞ்ச நேரம் பாருங்கோவன் அண்ணை, படம் ஆடினால் ஆடட்டும்" என்று நான் கூப்பிடுவேன்.

"வேண்டாம் பிள்ளை. எனக்குச் சத்தம் கேட்டாக் காணும்" என்பார். பைப்பைப் பிடித்தபடி ஜன்னலால், "இப்ப வருதோ?" என்று கேட்பார். "ஓம், வருது!" என்று மூன்று பேரும் கத்துவோம். உள்ளே நாங்கள் சிரித்தால் வெளியே அவரும் சிரிப்பார். எதைக் கண்டு சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் எங்களைவிடப் பெரிதாகச் சிரிப்பார்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தோடு கரண்ட் போனது. போனது போனதுதான். ஆனால் ஞாயிறு பின்னேரம் வந்தால் கால் தானாக அந்த வீட்டுக்குப் போனது. அக்கா ரீவியின் மேல் கிடந்த பூ வேலை செய்த துணியை மரியாதைக்கு எடுத்து மடித்து வைப்பார். நாங்கள் அந்தச் செத்த பெட்டியைப் பார்த்தபடி இருந்து, பழைய கதைகளை முறைக்கு ஒருவராகச் சொல்வோம். பிடிக்க அன்டெனா இல்லாததால் சிமியோன் அண்ணைக்கும் உள்ளே ஒரு கதிரை கிடைத்தது. அவர் அதில் நிமிர்ந்து இருந்த விதத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சிவசுப்பிரமணியம் அண்ணை இதற்கும் சட்டம் போட்டார். "கண்டதைத்தான் சொல்லலாம். காணாததைச் சேர்க்கப்படாது."

பிறகென்ன, சண்டைதான். எல்லோரும் நித்திரையிலேயே வேலை செய்யும் கிரகத்துக் கதைதான் திறம் என்பார் அண்ணை.

"உங்கடை கந்தோரைப் பாத்த மாதிரி இருந்திருக்கும்" என்று நான் சொல்வேன்.

"என்ன கதை கதைக்கிறியள்! குசினிக்காரி சூப்பை எஞ்சினுக்குள்ளை ஊத்தினதெல்லோ கதை!" என்று அக்கா பாய்வார். "சிவப்புச் சட்டி நிறைய ஊத்தினவள்."

"சட்டி சிவப்பில்லை. எங்கடை ரீவியிலை நிறமே இல்லை. சேர்க்கப்படாது எண்டு சொன்னனான்."

என்னுடையது பால் காய்ச்சின கதை. சொந்தக் கிரகம் வந்துவிட்டதென்று நம்பிச் சாமான் முழுவதையும் இறக்கி, அடுப்பு மூட்டிப் பாலும் காய்ச்சி, பால் பொங்குகிற நேரம் பார்த்து மேலே பார்ப்பார்கள். இரண்டு சூரியன் நிற்கும். பேசாமல் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுவார்கள். பின்னாளில் எத்தனையோ வீடுகளில் நானும் பெட்டியை இறக்கி ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கறளன் அடுப்புக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு போனது ஞாபகம் வந்து, அழுகிற நேரத்திலும் சிரித்திருக்கிறேன்.

சிமியோன் அண்ணைக்கு ஒரே ஒரு கதைதான். கறளன் தனித்துப்போன கதை. அதை நாங்களும் கண்டதில்லை. அன்று பிசாசுக் காற்று. அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் திரையில் எறும்பு ஊர்ந்தது. சத்தம் மட்டும் தெளிவாக வந்தது. ஆகவே அண்ணையின் சட்டம் அந்தக் கதைக்குச் செல்லுபடியாகவில்லை. சிமியோன் அண்ணை சொல்வதுதான் கதை.

"கப்பல் கறளனை மறந்துபோட்டுப் போகுது" என்று தொடங்குவார். "அவன் ஒரு கிணத்துக் கட்டிலை இருக்கிறான். காலை ஆட்டிக்கொண்டு. கிறீச், கிறீச். அவன்ரை முழங்கால்ச் சத்தம் அது. பொழுது படுகுது, விடியுது. அவன் அசையேல்லை. பிறகு எங்கையோ தூரத்திலை கப்பல்ச் சத்தம். கப்பித்தான் பாய்ஞ்சு இறங்கிறான். அவனைத் தேடித்தான் வந்தவன்."

அவருடைய தமையன் கனிசியஸ் கப்பல் வேலைக்குப் போனவர். வந்து உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனவரிடமிருந்து பிறகு ஒரு தகவலும் இல்லை. சிமியோன் அண்ணை தமையனைப்பற்றி வாய் திறக்கமாட்டார். கறளனைப்பற்றித்தான் கதைப்பார். எங்களுக்கு அது விளங்கும். அவருக்கு விளங்கியதா என்று நாங்கள் கேட்டதில்லை.

தொண்ணூற்று நாலில் கொழும்பிலிருந்து வந்த என் மச்சாள் சேலைக்குள் சுற்றி ஒரு வீடியோக் கசற் கொண்டுவந்தாள். எங்கேயோ கடையில் உறையிலிருந்த படத்தைப் பார்த்து, இது நீங்கள் பினாத்துகிற கப்பல்தானே என்று வாங்கியிருக்கிறாள். அது ஓட்டைக் கப்பலேதான். அக்கா டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்தார். நான் பேக்கரிக்கே ஓடிப்போய்ச் சிமியோன் அண்ணைக்குச் சொன்னேன். அவர் மாக்கையோடு நின்று, "அப்ப நானும் பாக்கலாம் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு அவர் கோயிலுக்குப் போடுகிற சேட்டோடு, சீனிப் பாண் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு வந்தார். நடுக் கதிரையில் அவரை இருத்தினோம். ஜன்னல் சீலைகளை இழுத்து விட்டோம். ஜெனரேற்றர் முற்றத்தில் இரைந்தது.

"உவனோ கப்பித்தான்?" என்றார் முதல் படத்திலேயே. "நான் மெலிஞ்ச ஆள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அதற்குப் பிறகு சிரித்தார். எங்களுக்கு ஒரு கணம் முந்தியே சிரித்தார். சத்தம் அவருக்குப் பாடம். நாங்கள் படத்தைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தோம். இரண்டு கதை முடிந்து மூன்றாவது தொடங்கியது. ஏதோ ஒரு கிறீச் கேட்டது. நாங்கள் கவனிக்கவில்லை. அவர் எழுந்துவிட்டார்.

"கறளன்ரை கதை. இதை மட்டும் நான் வெளியிலை நிண்டு கேக்கிறன். பழகின மாதிரி."

போய்ப் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கசற்றுக்கு அன்டெனா எதற்கு?

கப்பல் கறளனை மறந்துவிட்டுப் போனது உண்மைதான். ஆனால் அங்கே கிணற்றுக் கட்டு இல்லை. காத்திருத்தலும் இல்லை. அந்தக் கிரகத்துக் குள்ளர்கள் கறளனை ஊஞ்சலில் வைத்து ஆட்டினார்கள். கிறீச், கிறீச் என்றது ஊஞ்சல். பொழுது பட்டது, விடிந்தது, அவன் ஆடிக்கொண்டே இருந்தான். பிறகு கப்பல் திரும்பி வந்தது. கப்பித்தான் பாய்ந்து இறங்கினான். ஒரு செடிப்பற்றைக்குள் கிடந்த தன் தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் போட்டுக்கொண்டு திரும்ப ஏறினான். கறளன் ஓடிப்போய்க் கப்பலின் வாலில் தொங்கிக்கொண்டான்.

நல்ல பகிடிதான். வேறொரு நாளென்றால் உருண்டு சிரித்திருப்போம். அன்று எனக்கு அந்தக் கப்பித்தானின் கன்னத்தில் ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது.

ஜன்னலால் குரல் வந்தது. "கப்பித்தான் வந்திட்டானோ?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். சிவசுப்பிரமணியம் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"வந்திட்டான் சிமியோன்."

"ஆரைத் தேடி?"

"வேறை ஆரை? கறளனைத்தான்."

சிமியோன் அண்ணை உள்ளே வந்தார். முகம் அப்படி விரிந்திருந்தது. "நான் அப்பவே சொன்னனான் எல்லே! ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ அண்ணை, அந்த இடத்தை என்ரை கண்ணாலையும் பாப்பம்."

சிவசுப்பிரமணியம் அண்ணை விறுவிறென்று முற்றத்துக்குப் போனார். ஜெனரேற்றர் நின்றது. "மண்ணெண்ணெய் முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பாதி நிறைந்த கலன் வாசலிலேயே இருந்தது. அக்கா அதற்கு முன்னால் போய்ச் சேலையை விரித்து நின்றுகொண்டார்.

"அந்த வீடியோக்காரனும் டெக்கை இண்டைக்கே கொண்டு வரச் சொன்னவன்" என்றார் அக்கா. "அதுக்கென்ன தம்பி, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் அது கதை."

அவர் கொஞ்சம் ஏமாந்துபோய் நின்றார். பிறகு கதிரையில் இருந்து, இருண்ட ரீவியைப் பார்த்துக்கொண்டு தொடங்கினார். கப்பல் மறந்துவிட்டுப் போனது. கறளன் கிணற்றுக் கட்டில் இருந்தான். கிறீச், கிறீச். பொழுது பட்டது, விடிந்தது. மெலிந்த கப்பித்தான் ஒருவன் பாய்ந்து இறங்கி, கறளனைக் கட்டிப்பிடித்து, வா போவம் என்றான்.

சொல்லி முடித்து, சட்டம் போட்டவரைத் திரும்பிப் பார்த்தார். "சரிதானே அண்ணை? நான் ஒண்டும் சேர்க்கேல்லையே?"

"ஒண்டும் சேர்க்கேல்லை" என்றார் சிவசுப்பிரமணியம் அண்ணை. "நான் என்ரை கண்ணாலை கண்டனான்."