மூன்றாம் நம்பர் செட்

தங்கதுரை வீட்டில் இருந்தால் வீடு வீடாக இருக்காது. டீயை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடுவான். இறங்கி வந்து கேட்டைத் திறப்பான். திறந்த கேட்டை மூடாமல் போனை எடுத்துப் பார்ப்பான். போனில் ஒன்றும் இருக்காது. முப்பத்திரண்டு வயது ஆம்பிளை, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளையைப் போலத் திரிவதைப் பார்த்தால் பூங்குழலிக்குச் சில நேரம் சிரிப்பு வரும், சில நேரம் எரிச்சல் வரும், பெரும்பாலும் பாவமாக இருக்கும். ஆனால் கட்டிக்கொண்டவனை எத்தனை மாதம்தான் பாவம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

அவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாட்டின் முதல் வரிசைக் கால்பந்து லீக்கில், வைசாக் ஹார்பர் கிளப்புக்கு ஆறு சீசன் இடது பக்கத் தடுப்பு ஆடினவன். நம்பர் மூன்று. அவன் மேட்ச் டி.வி.யில் வந்தால் பெருமாநல்லூர் டீக்கடையில் சீரியலை மாற்றிவிடுவார்கள். போன கோடையோடு ஒப்பந்தம் முடிந்தது. "சீசன் தேதி முடிவாகட்டும், பேசிக்கொள்ளலாம்" என்று கிளப்பில் சொன்னார்கள். தேதி முடிவானால்தானே! லீக்கை யார் நடத்துவது என்பதிலேயே இழுபறி. இன்றைக்குக் கூட்டம், நாளைக்குக் கோர்ட்டு, மறுநாள் இன்னொரு கூட்டம். கோட்டு போட்டவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கால்சட்டை போட்டவன் மாடியில் குதித்துக்கொண்டிருந்தான்.

இதற்கு நடுவில் பொங்கலூர்ப் பக்கத்துக் கான்வென்ட் பள்ளி ஒன்றில் பி.டி. மாஸ்டர் வேலைக்கு அழைப்பு வந்தது. நல்ல மைதானம், நிரந்தர வேலை. "மாசக் கடைசி சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க தம்பி, இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்குவோம்" என்று தலைமை சிஸ்டர் சொல்லியிருந்தார். போனால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. போகாமலிருந்து கிளப்பும் கூப்பிடாவிட்டால் இரண்டும் போச்சு. அதுதான் அந்த வீட்டின் தலைவலி.

பூங்குழலிக்கு வேலை நஜீமுதீன் பாயின் பனியன் கம்பெனியில். மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுப்பவனுக்கும் தைப்பவனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை என்று அவளே சொல்லிக்கொள்வாள். போன வருஷம் வைசாக் ஹார்பரின் ஜெர்சி ஆர்டரை அவள்தான் கம்பெனிக்குப் பிடித்துக் கொடுத்தாள். புருஷன் போடுகிற சட்டையைப் பொண்டாட்டி தைத்து அனுப்புகிறாள் என்று கம்பெனியே கேலி செய்தது. அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஆர்டரில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற ஆட்டக்காரர்களுக்கெல்லாம் மேலே என்ன சைஸோ அதுதான் கீழேயும். தங்கதுரைக்கு மட்டும் சட்டை மீடியம், டிரவுசர் எக்ஸெல். ஓடி ஓடித் தொடை இரண்டும் அம்மிக்கல்லாகிக் கிடந்தன. மீடியம் போட்டால் முதல் ஓட்டத்திலேயே தையல் விட்டுவிடும். அதனால் போன வருஷ ஆர்டர் ஷீட்டின் அடியில் பூங்குழலி தனியாக ஒரு வரி போட்டிருந்தாள்: மூன்றாம் நம்பர், மேல் மீடியம், கீழ் எக்ஸெல், ஒரு செட்.

ஒருவழியாக லீக் தேதி அறிவித்தார்கள். அறிவித்த கையோடு வைசாக்கிலிருந்து ஆர்டர் வந்தது. அதே டிசைன், அதே நீலம், ரிப்பீட் என்றார்கள். ஆட்டக்காரர்களின் சைஸ் பிறகு வரும், நீங்கள் ஆரம்பித்துவிடுங்கள் என்றும் சொன்னார்கள். ரிப்பீட் ஆர்டர் என்றால் திருப்பூரில் யாரும் புதிதாக ஷீட் போடுவதில்லை. பழைய ஷீட்டைத் திறப்பார்கள், தேதியை மாற்றுவார்கள், கட்டிங்குக்கு அனுப்புவார்கள். பூங்குழலியும் அதைத்தான் செய்தாள். அடியில் இருந்த அந்த ஒரு வரி அவள் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. விரல் ஒரு நொடி நின்றது. பிறகு அனுப்பிவிட்டது.

கட்டிங் மாஸ்டர் கன்னையன் மட்டும் கேட்டார். "ஏனுங் அம்மிணி, மாப்பிள்ளையக் கூப்பிட்டுட்டாங்களா?"

"சைஸ் இன்னும் வல்லீங்ணா. வந்தா பாத்துக்கலாம், வெட்டுங்க."

வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். சைஸ் விவரம் மெயிலில் வந்தபோது கம்பெனியில் தலைக்கு மேல் வேலை. சட்டையில் மீடியம் எத்தனை, லார்ஜ் எத்தனை என்று கூட்டுத்தொகையைச் சரிபார்த்தாள். நம்பர் வாரியாகப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

வீட்டில் உட்கார முடியாமல் தங்கதுரை கம்பெனிக்கு வந்து பேக்கிங்கில் ஒத்தாசை செய்துகொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வைசாக் செட்டுகள் பேக்கிங்குக்கு வந்தன. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பாலிதீன் கவர், உள்ளே சட்டையும் டிரவுசரும். ஒன்று, இரண்டு என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் மூன்றாவது கவரில் நின்றுவிட்டான். சட்டைக் காலரைப் புரட்டினான். மீடியம். டிரவுசர் இடுப்பைப் புரட்டினான். எக்ஸெல். அட்டைப்பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்தான். அவளைத் தேடித் திரும்பினான். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பூங்குழலி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"அம்மிணி, இத பாத்தியா?"

"பாத்தனுங்க" என்றாள்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். இது பழைய ஷீட்டு, இதை நம்பாதீங்க என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. ஒருவேளை நிஜமாகவே கூப்பிடுவார்களோ என்று அவளுக்கும் ஒரு நப்பாசை. அன்று சாயங்காலம் அவன் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். கேட்டைத் திறந்து பார்க்கவில்லை. மாடிக்கு ஓடவில்லை. வீடு வீடாக இருந்தது. அவனுடைய தவிப்பெல்லாம் அவளுக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். இப்போது அவள்தான் டீயை ஜன்னலில் வைத்துவிட்டு மறந்தாள்.

கெடு நாளான சனிக்கிழமை காலை கம்பெனிக்குள் நுழைந்ததும் போன் வந்தது. வைசாக் கிளப்பில் ஜெர்சி விஷயங்களைப் பார்த்துக்கொள்கிறவர். அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தாராம், எல்லாம் பிரமாதமாம். "ஒரே ஒரு கரெக்‌ஷன் மேடம். மூணாம் நம்பர் டிரவுசர் பெருசா இருக்கு. மிசோரம் பையன் ஒருத்தன் வர்றான், ஒல்லியான பையன். மீடியம்னு மெயில்ல சொல்லியிருந்தோமே?"

அவருக்கு எதுவும் தெரியாது, பாவம். மாற்றி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் பூங்குழலி தங்கதுரைக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. கன்னையனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். சிஸ்டரிடம் அவன் வேண்டாம் என்று சொல்லித் தொலைப்பதற்குள் போய்விட வேண்டும்.

வீட்டில் அவன் இல்லை. கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற பொட்டல் காட்டில் இருந்தான். ராத்திரி ஷிப்ட் முடித்த ஒடிசா, ஜார்கண்ட் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தான். இந்தியிலும் தமிழிலும் கத்திக்கொண்டு, இடது ஓரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடினான். இத்தனை சந்தோஷமாக ஓடுகிற மனுஷனை எப்படி நிறுத்துவது? ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நின்றாள். அவள் நின்ற நிற்பைப் பார்த்து அவனே வந்தான்.

"என்ன புள்ள, மூஞ்சி இப்படி இருக்குது?"

"சிஸ்டருக்குப் போன் பண்ணீட்டீங்களா?"

"காலைலயே பண்ணிட்டேன். வல்லீங்கன்னு சொல்லிட்டேன். ஏன்?"

அவள் சொன்னாள். பழைய ஷீட், அந்த வரி, அதைப் பார்த்தும் எடுக்காதது, மிசோரம் பையன், எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னாள். கடைசியில் அழுகை வந்துவிட்டது. "எனக்குத் தெரியும். தெரிஞ்சே வாய மூடிட்டு இருந்துட்டனுங்க. உங்க வேலையவும் கெடுத்துட்டேன்."

பந்து உருண்டு அவன் காலடிக்கு வந்தது. பையன்கள் கூப்பிட்டார்கள். பார்க்காமலே தட்டி அனுப்பினான். புழுதியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினான். மற்றதைக் கழற்ற மறந்துவிட்டான். கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"ஆறு சீசன் ஆடுனேன். ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல?" என்றான். கிளப்பைத்தான் சொன்னான். கழற்றின ஷூவைத் தட்டிக்கொண்டே, "இந்த நாலு நாளு நல்லா தூங்குனேன், அம்மிணி. அதுக்கு முன்னால எப்பத் தூங்குனேன்னு ஞாபகமே இல்ல" என்றான்.

அவளுக்கு அதைக் கேட்கத்தான் தாங்கவில்லை. "சிஸ்டருக்கு மறுபடி போடுங்க. கால்ல உழுந்தாவது நான் கேக்கறேன். குடுங்க போனை."

"நீ எதுக்கு? என் வேலை, நாந்தான் கேக்கோணும்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூங்குழலி தாலிச் சரட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கமுங்க சிஸ்டர், தங்கதுரை பேசறனுங்க. காலைல வல்லீன்னு சொன்னனுங்க. தப்பாச் சொல்லிட்டனுங்க. இடம் இன்னும் இருக்குதுங்களா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, நிறையச் சொன்னார்கள். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். ஆமாங்க. சரிங்க. இல்லீங்க சிஸ்டர், இனி மாத்திப் பேசமாட்டனுங்க. கிளப்பா? அது முடிஞ்சுதுங்க. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது பொட்டலில் பந்து உருள்வதைப் பார்த்துக்கொண்டு சொன்னான். திங்கட்கிழமை காலையிலேங்களா? வந்தர்றனுங்க.

பூங்குழலிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. அவன் போனை வைக்கப் போனான். சிஸ்டர் வேறு எதையோ கேட்டார் போல, மறுபடியும் காதில் வைத்தான்.

"யூனிபார்முக்குங்களா? சைஸா?"

பூங்குழலியைப் பார்த்தான். சிரிக்கத்தான் பார்த்தான். உதடு கோணிக்கொண்டு போயிற்று. கண் நிறைந்துவிட்டது.

"சட்டை மீடியமுங்க" என்றான். அடுத்தது வரவில்லை. போனை அவளிடம் நீட்டினான்.

"பேண்ட் எக்ஸெல்லுங்க, சிஸ்டர்" என்றாள் பூங்குழலி. "நான் அவரு சம்சாரமுங்க. ஒண்ணும் தப்பில்லீங்க, அப்படியே எழுதிக்கோங்க."