பருவுக்கு எதற்கு அந்த ஃபைல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊர் மாசாயில் ஒரு கிளினிக். மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பேச வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு பெரிய கலைநோக்கம் ஒன்றும் இல்லை.

2

தொடக்கம் ஒன்று: முப்பத்தெட்டு வயதில் சுபத்திராவின் முகத்தில் பருக்கள் மலர்ந்—

(மலரவில்லை. தாடையெல்லாம் சீழ் கட்டி வலித்தன. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: சுபத்திரா பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பொருள்களின் தரம் பார்ப்பவள். முகக்கவசத்தைக் கழற்றினால் கூட வேலை செய்யும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "இந்த வயசுல எனக்கு என்னாங்க பரு? ஸ்கூல் பிள்ளை மாதிரி லா," என்றாள் கணவன் கிருபானந்தனிடம். மறுநாள் இருவரும் கிளினிக்குக் கிளம்பினார்கள்.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

3

கிருபானந்தன் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. (பெயர்கள் மட்டும்தான் கற்பனை. ஆள் நான்தான்.) குழந்தைக்காக எட்டு வருடம் மனைவியோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவன். அத்தனை ரிப்போர்ட்டும் அடங்கிய தடித்த நீல ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் அவன் வேலை. டாக்டர் என்றதும் கை தானாக அலமாரிக்குப் போய்விடும். அன்றும் எடுத்துக்கொண்டான். பருவுக்கு எதற்கு அந்த ஃபைல்? மடையன்.

4

டாக்டர் யோகேஸ்வரி சுபத்திராவின் முகத்தைப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு ஆன்டிபயாட்டிக், கூடவே பூச ஒரு ஜெல் என்றார்.* பிறகு என் மடியில் இருந்த ஃபைலின் மேல் ஒட்டியிருந்த கருத்தரிப்பு மையச் சீட்டைப் பார்த்தார். ('என் மடி' என்றே வந்துவிட்டது. இருக்கட்டும்.)

"குழந்தைக்கு டிரை பண்றீங்களாம்மா? அப்படின்னா இந்த மாத்திரை கொடுக்க முடியாது. வேற பார்க்கணும்."

சுபத்திரா என் பக்கம் திரும்பவில்லை.

"இல்ல டாக்டர். நிறுத்திட்டோம். எழுதிக் கொடுங்க."

எப்போது நிறுத்தினோம் என்று எனக்குத் தெரியாது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அடுத்த தேதி வாங்கலாமா என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எனக்குத் துக்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது, அதுதான் கேவலம்.

* பாலோடு விழுங்கக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வெயில் ஆகாது என்றாள் மருந்து கொடுத்த பெண். எங்கள் வீட்டில் எந்த மாத்திரையும் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் டீயோடுதான் இறங்கும்.

5

முடிவுகள்.

அ) மூன்று மாதத்தில் முகம் தெளிகிறது. பத்திரிகைக்கு இது போதும்.

ஆ) காரில் அவன் அவள் கையைப் பிடித்து— (பிடிக்கவில்லை. ஸ்டியரிங்கைத்தான் பிடித்திருந்தேன். "வழியில தண்ணி போத்தல் வாங்கணும்," என்றாள். "ம்," என்றேன்.)

இ) வாசகரே, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

(இ)யைத்தான் வைத்திருந்தேன். ஆனால் சுபத்திரா என் பின்னால் வந்து நின்று இதுவரை படித்துவிட்டாள். தாடையில் ஜெல் இன்னும் காயவில்லை.

"உங்களக் கேக்காம டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். ஏதாச்சும் சொல்வீங்கன்னு ஒரு வாரமா பார்க்கிறேன். நீங்க கதை படிக்கிறவங்களப் போயி முடிவு கேக்குறீங்க."

மன்னியுங்கள், வாசகரே. முடிவு உங்களுக்குக் கிடையாது. இந்தப் பேச்சை ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டாயிற்று. அவள் நின்றுகொண்டேயிருக்கிறாள், நான் நாற்காலியை அவள் பக்கம் திருப்புகிறேன்.