பேர் போட்ட ஓட்டு

ஈஜோக் போகும் பாதையில், ரப்பர் தோட்டத்து வாசலை ஒட்டினாற்போல் சேக் பரீது தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். கிள்ளான் பேருந்தில் முந்தின நாள் பேப்பர் வரும். ஒரு வரி விடாமல் படிப்பார். மனைவி நஜீபா கடலுக்கு அந்தப் பக்கம், ஊரில் இருந்தாள். படித்ததைக் கேட்க வீட்டில் ஆளில்லாததால் கடைக்கு வந்தவர்கள் கேட்க வேண்டியதாயிற்று. ஒரு குவளை தேத்தண்ணிக்கு ஜனநாயகம் இலவசம்.

அந்த வருஷம் அவர் பிடித்துக்கொண்டது தோட்ட நலச் சங்கத்தை. அதன் தலைவர் மண்டோர் இருசப்பன். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து, யாருக்கு எந்த நிரை மரம் என்று சொல்பவரும் அவர்தான். லயத்து வீட்டுக் கூரை ஒழுகினால் ஆட்கள் சங்கத் தலைவரிடம் முறையிடுவார்கள். சங்கத் தலைவர் அதை மண்டோரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். மண்டோர் யோசித்துவிட்டு, "பாக்கலாம்" என்பார். இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் இருந்ததால் சண்டையே வந்ததில்லை.

தேர்தலும் தவறாமல் நடந்தது. "நானே இருக்கிறதுல சம்மதம்னா கையத் தூக்குங்க" என்று மண்டோர் எழுந்து நிற்பார். அவர் பார்வை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு நிதானமாகப் போகும். போகப் போகக் கைகள் எழும்பும். தூங்கிவிட்ட செல்லையாவின் கையைப் பக்கத்திலிருந்தவர் பிடித்துத் தூக்கிவிட்டதும் உண்டு. எழும்பாத கைக்கு மறுநாள் சதுப்பு ஓரத்து நிரை. அங்கே பாலைவிடக் கொசு அதிகம்.

இந்த முறை கலாவதி போட்டிக்கு நின்றாள். அவளும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள்தான். பிள்ளைகள் கோலா சிலாங்கூர் பள்ளிக்கூடத்துக்குப் போக மழையில் மெயின் ரோடு வரை நடக்கிறார்கள், மேனேஜரிடம் ஒரு லோரியாவது கேட்க வேண்டும் என்பது அவள் கட்சி.

"மண்டோரே, இந்தத் தடவை ரகசிய ஓட்டு வச்சுப் பாருங்களேன்" என்றார் பரீது.

"ரகசியமாப் போட்டாலும் எனக்குத்தானே போடுவானுங்க நானா." அண்ணன் என்கிற மாதிரி, தோட்டத்தில் எல்லாருக்கும் பரீது நானாதான்.

"அப்ப என்ன பயம்?"

"பயமா? எனக்கா? நீங்களே நடத்துங்க லா. நீங்க எங்க சங்கத்துலயும் இல்ல, எங்க கோயில் கமிட்டியிலயும் இல்ல. உங்களத்தான் ஒருத்தனும் குத்தம் சொல்ல முடியாது."

பரீது அன்று தேத்தண்ணியைக் கொஞ்சம் உயரமாகவே தூக்கி ஆற்றினார். வாரம் முழுவதும் வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கினார். தாள் தருவேன், வேண்டியவர் பேரை எழுதுங்கள், மடித்து பிஸ்கட் டின்னில் போடுங்கள், பெண்டாட்டிகூடப் பார்க்கக் கூடாது. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதலாம். உலகத்தில் எந்தெந்த நாட்டில் எப்படியெப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் விட்டுப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டின்னைத் திறந்து முதல் தாளைப் பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 'கலாவதிக்கு' என்றிருந்தது. கீழே, 'அன்புடன் செல்லையா, ரெண்டாவது லயம்.'

அடுத்தது, 'இருசப்பன் அண்ணனுக்கு, தேவதாஸ் குடும்பத்தார்.' அதற்கடுத்த தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்த ஜனம் ஒருவருக்கென்று மடித்துக் கொடுப்பது கல்யாண மொய் ஒன்றுதான். பேர் போடாத மொய்க்கு மரியாதை ஏது? கவர்மெண்டு ஓட்டுக்குப் போனால் அச்சடித்த தாள், பென்சில், ஒரு கோடு. இங்கே வெறும் தாளைக் கொடுத்தால் கை பழகினபடிதான் எழுதும்.

கலாவதிக்கு எழுதியவர்களில் கங்கா இருந்தாள். கைக்குழந்தைக்காரி. பக்கத்து நிரை என்பதால்தான் நடுவில் ஆயாக் கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடிகிறது. மண்டோர் கண்ணில் இந்தத் தாள் பட்டால் அவளுக்குச் சதுப்புதான். பரீது அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். இத்தனை நாடு சொன்ன வாய்க்கு, 'உங்க பேரைப் போடாதீங்க' என்று சொல்ல வரவில்லையே!

கடைசித் தாள்களில் ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளையின் குண்டுக் கையெழுத்தில் இருந்தது. 'கலாவதிக்கு. சின்னத்தாய், மண்டோர் வீடு. அவருக்கு ஓய்வு வேண்டும்.'

பரீது அதை இரண்டு தரம் படித்தார். இருசப்பனின் சம்சாரமேதான்.

எண்ணி முடித்து வெளியே வந்தார். கடை வாசலில் தோட்டமே நின்றது. "கலாவதி ஜெயிச்சிருச்சு. வித்தியாசம் கொஞ்சம்தான்" என்று மட்டும் சொன்னார். கலாவதி வாயைப் பொத்திக்கொண்டாள். மண்டோர் சிரித்தபடியே இருந்தார். சிரிப்பை எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை போலும்.

அத்தோடு முடிந்திருக்கும். செல்லையா கையைத் தூக்கினார். இந்தத் தடவை அவராகவே.

"நானா, என் பேர வாசிக்கலியே?"

"என்ன பேரு?"

"எழுதியிருக்கேன்ல கீழ. எல்லாரு பேரையும் வாசிச்சாத்தானே யாரு செஞ்சா, யாரு செய்யலன்னு தெரியும்?"

"நாங்களும் போட்டிருக்கோம் லா" என்று இரண்டு மூன்று குரல்கள் கூடச் சேர்ந்தன. மண்டோரின் சிரிப்பு இப்போது நின்றது.

கூட்டம் கலைந்ததும் மண்டோர் கடைக்குள் வந்தார். ஏதோ சீனி வாங்க வந்தவள் மாதிரி சின்னத்தாயும் பின்னாலேயே வந்தாள். கண் மட்டும் பிஸ்கட் டின்மேலேயே இருந்தது.

"அந்த டின்ன குடுங்க நானா. ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்."

"அது ரகசிய ஓட்டு மண்டோரே."

"என்ன ரகசியம்? பேரப் போட்டு எழுதிட்டான், வாசிக்கவும் சொல்றான். அவனுக்கே வேணாங்கிற ரகசியம் உங்களுக்கு எதுக்கு?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. பேப்பரில் இதற்குப் பதில் வந்ததில்லை. பரீது கரியடுப்பை விசிறினார்.

"செல்லையா காட்டச் சொல்றாரு, சரி. அவரு தாளக் காட்டினா, காட்டாதவங்க யாருன்னு நீங்க எண்ணிர மாட்டீங்களா? ஒருத்தர் கதவத் தொறந்துட்டாருன்னு லயத்துல எல்லாக் கதவையுமா தொறக்கிறது?"

"நீங்க நல்லாப் பேசுவீங்க. டின்ன எடுங்க."

"எடுக்கிறேன். எடுத்தா எல்லாத் தாளையும் எல்லாரையும் வச்சுத்தான் படிப்பேன். உங்க லயம், உங்க வீடு, ஒண்ணும் விட மாட்டேன்."

"படிங்களேன்! எங்க வீட்டுக்கு என்ன?"

சீனி டப்பாவின் மூடி கீழே விழுந்து உருண்டது. சின்னத்தாய் குனிந்து தேடினாள். தேடி எடுக்க வெகுநேரம் ஆயிற்று. பரீது அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் முகமே சொல்லிவிடும்.

டின்னை எடுத்தார். மூடியைத் திறந்தார். அப்படியே அடுப்பில் கவிழ்த்தார்.

"நானா! என்ன வேல இது!"

"தேத்தண்ணி போடறேன் மண்டோரே. தண்ணி சூடே ஏறல."

மஞ்சள் தடவிய மூலைகள் முதலில் பிடித்துக்கொண்டன. சின்னத்தாய் நிமிர்ந்து அடுப்பருகே வந்து நின்றாள்.

"நல்லா எரியுதா நானா?"

"நல்லா எரியுது தங்கச்சி."

"அந்த ஓரத்துல ஒண்ணு இன்னும் இருக்கு பாருங்க" என்று கரண்டியால் அவளே தள்ளிவிட்டாள். மண்டோர் அவளைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். தேத்தண்ணியை எடுத்து, ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

வெளியே செம்மண் பாதையில் இரண்டு பேரும் நடக்கும்போது பேச்சு காற்றில் வந்தது.

"நீ எனக்குத்தானே போட்ட?"

"ரகசியம்னு நானா சொன்னாருல்ல."

"புருசங்கிட்டயுமா?"

"நீங்க இவ்வளவு நாளா தலைவரா இருந்தீங்க, மண்டோரா இருந்தீங்க. புருசனா இப்பத்தான் வாரீங்க. வேகமா நடங்க, சோறு ஆறுது."

பரீது குவளையைக் கழுவினார். இதை நஜீபாவுக்கு எழுத வேண்டும். ஆனால் சின்னத்தாய் பேரை விட்டுவிட்டு எப்படி எழுதுவது?

மறுநாள் பெரட்டில் மண்டோர் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனாராம். தேவதாஸ்மீதுகூட சந்தேகம் வந்ததாம். எல்லார் மேலும் சந்தேகம் என்றாகிவிட்டால் எல்லாரையுமா சதுப்புக்கு அனுப்ப முடியும்? பழைய நிரையையே சொல்லிவிட்டார். கங்கா நடுவில் ஓடிப்போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தாள். கலாவதி வாளியை இறக்கி வைத்துவிட்டு, "மண்டோரே, சங்கத் தலைவர் பேசுறேன்" என்று ஆரம்பித்ததும், அவர் வழக்கம்போல் "பாக்கலாம்" என்றார். "எப்ப?" என்றாள் அவள். அப்படி ஒரு கேள்வியைச் சங்கத் தலைவர் யாரும் அவரிடம் அதுவரை கேட்டதில்லை.

வேலை முடிந்து செல்லையா கடைக்கு வந்து இதையெல்லாம் சொன்னார்.

"நிரை ஒருத்தனுக்கும் மாறல நானா. நல்லதுதான்."

"நல்லதுதான்."

செல்லையா குவளையை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இருந்தாலும் என் பேர ஒரு தடவ வாசிச்சிருக்கலாம்."