வந்துட்டே இருக்கேன்

நோர்லின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிறது. குளித்தாயிற்று, தலை வாரியாயிற்று, ஒரு காலில் செருப்பும் மாட்டியாயிற்று. மற்றது இரண்டடி தள்ளிக் கிடக்கிறது. குனிந்தால் எட்டிவிடும். குனியத்தான் முடியவில்லை.

பகல் பன்னிரண்டுக்குள் அவள் கல்லூரிக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால், மகள் ஜெசாவுக்குக் கிடைத்த உதவித்தொகை இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். ஜெசா விடிந்ததும் போய் வரிசையில் நிற்கிறாள். இதெல்லாம் நோர்லினுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தது காலுக்கு இறங்கவில்லை, அவ்வளவுதான். எழுந்திரு, எழுந்திரு என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள். திட்டத் திட்ட உடம்பு இன்னும் கனக்கிறது.

போன வருஷம் டாக்டர் இதற்கு ஏடிஎச்டி என்று பேர் சொன்னார். செய்ய ஆசை இருக்கும், தொடங்க வராது, இது சோம்பல் இல்லை என்றார். கணவன் ரோடெல் சிரித்தான்.

"சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷ்ல பேர் வச்சுக் குடுத்தாரா? நல்ல டாக்டர்தான்."

அன்றோடு அதைப் பற்றி அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதரைக்கு, எங்கே இருக்கிறாய் என்று ஜெசா கேட்டிருந்தாள். "வந்துட்டே இருக்கேன்" என்று நோர்லின் பதில் அனுப்பினாள். அவர்கள் ஊரான இலோயிலோவில், குளியலறையில் சோப்புத் தேய்த்துக்கொண்டே அதைச் சொல்லாதவர் யார்? கேட்கிறவர்களும் அரை மணி கூட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். பத்தரைக்கும் அதையே அனுப்பினாள்.

பதினொன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.

"அம்மா, டிரைசைக்கிள் ஏறியாச்சா?"

"ஏறிட்டேன்டி. ரோட்டுல நெரிசல்."

"பக்கத்து வீட்டுச் சேவல் கூவுது. அதுவும் ஏறியிருக்கா?"

நோர்லின் உடைந்து அழுதுவிட்டாள். "கட்டில்லதான் இருக்கேன். ஒரு செருப்பு மாட்டினதோட சரி. எந்திரிக்க முடியலடி. சத்தியமா முடியல."

ஜெசாவின் குரல் தணிந்தது.

"சரி, போனை வைக்காதே. அந்தச் செருப்பை மட்டும் மாட்டு. வேற எதையும் யோசிக்காதே. மாட்டிட்டியா? இப்ப கதவு வரைக்கும் வா."

கூடவே ஒரு குரல் இருந்ததும் கால் நகர்ந்தது. தெருவுக்கு வந்து, ஆட்டோ மாதிரி வாடகைக்கு ஓடும் டிரைசைக்கிளில் ஏறினாள். பாதி வழிகூட வந்திருக்க மாட்டாள்.

"அம்மா, பன்னண்டு ஆயிடுச்சு. அடுத்த பேரைக் கூப்பிட்டாச்சு."

"மன்னிச்சுக்கோடி."

ஜெசா திட்டவில்லை. திட்டியிருந்தால் நோர்லின் தாங்கியிருப்பாள்.

"வீடு நாப்பது நிமிஷம்தானேம்மா. முடியலன்னு ஒன்பதரைக்கே சொல்லியிருந்தா, நானே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேனே."