கடல் உள்வாங்கும் பக்கம்

டார்கஸ் தலையணையைத் தூக்கிச் சரிசெய்துகொண்டிருந்தபோதுதான் தங்கை லெட்டிஸ் அதைக் கேட்டாள்.

"அக்கா, கடல் உள்வாங்குற இடத்தை வாசியேன். ஒரு தடவை காதால கேட்டுக்கறேன்."

டார்கஸின் கை தலையணையிலேயே நின்றது.

லண்டனிலிருந்து காலையில்தான் லெட்டிஸின் நாவல் அச்சுத்தாள்களாக வந்திருந்தது. கட்டின் மேல் அவள் புனைபெயராக வைத்துக்கொண்ட ஆண் பெயர். "இந்த வீட்டுல பூனைகூட ஆம்பளை இல்ல, தபால்காரன் என்னைய ஒரு மாதிரி பாக்குறான்" என்று சொல்லிக்கொண்டே வேலைக்காரி நான்ஸ் கொண்டுவந்து வைத்தாள். லெட்டிஸ் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, கைக்குட்டை சிவந்தது.

இரண்டு வருஷமாக லெட்டிஸ் படுக்கையில் சாய்ந்தபடி நாவல் எழுதினாள். அதை மணிமணியாகப் படியெடுப்பது டார்கஸின் வேலை. இலையுதிர்காலத்தில் பதிப்பாளர் எழுதிய கடிதத்தை அவள் மட்டுமே படித்தாள். 'ஐயா, கதை நன்று. ஆனால் கடலையும் சேற்றையும் பாட்டாகப் பாடும் இடங்கள் பெண்பிள்ளை எழுதியதுபோல் இருக்கின்றன. நீக்கினால் உடனே அச்சேற்றலாம்.'

தங்கைக்கு உயிர் இருக்கும்போதே புத்தகம் வந்துவிட வேண்டும். அந்த ஒரே நினைப்பில், அந்த இடங்கள் வந்த பன்னிரண்டு பக்கங்களையும் விட்டுவிட்டுப் படியெடுத்து அனுப்பினாள். லெட்டிஸிடம் மூச்சு விடவில்லை. லெட்டிஸின் கையெழுத்துத் தாள்கள் எப்போதும்போல அடுப்பு மூட்டப் போயின. மிச்சத்தைத் துண்டுதுண்டாகக் கிழித்து, முடி சுருள் விழுவதற்காக ராத்திரியில் அவற்றில் சுருட்டிக் கட்டிக்கொள்வாள்.

இப்போது அச்சுத்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தாள்.

"கடல் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போயிற்று. அது படுத்திருந்த சூட்டோடு சேறு கிடந்தது."

அதுவரைதான் நினைவிருந்தது. லெட்டிஸ் கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

"நாரைகள் வந்தன. அவை அழகாக இருந்தன. குளிர்ந்த காற்று வீசியது."

லெட்டிஸ் கண்ணைத் திறந்தாள்.

"அப்படியா எழுதியிருக்கேன்?"

"ஆமாண்டி."

"நல்லாவே இல்லியே அக்கா."

டார்கஸ் சொல்லிவிட வாயெடுத்தாள். சொன்னால் அந்தப் பக்கங்கள் எங்கே என்று கேட்பாள். அச்சுத்தாளைக் கட்டுக்குள் செருகினாள்.

"இதுக்காகவா ரெண்டு வருஷம் உன்னைய மாடிப்படி ஏறி இறங்க வெச்சேன்" என்று லெட்டிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு பேசவில்லை. தேநீர் கொண்டுவந்த நான்ஸ்தான் மூச்சு நின்றிருந்ததை முதலில் பார்த்தாள்; தட்டைக் கீழே வைத்துவிட்டு, சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தப் போனாள்.

மூன்றாம் நாள் காலை, சவப்பெட்டி தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று கீழிருந்து நான்ஸ் குரல் கொடுத்தாள். துக்கத்துக்காகக் கண்ணாடியையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்ததால், டார்கஸ் குல்லாயைக் கழற்றிவிட்டுக் கையால் தடவித் தடவி முடியை அவிழ்த்தாள். லெட்டிஸ் இறந்த நாளுக்கு முந்தின இரவு சுருட்டிக் கட்டியது. அவிழ்க்க மறந்தே போயிருந்தது. காதோரத்திலிருந்து கையில் வந்த தாள்துண்டில் பழுப்பு மை தெரிந்தது. ஜன்னலருகே போய் விரித்துப் பிடித்தாள்.

'நாரை தன் நிழலையே கொத்தப் போய், வெட்கி, ஒற்றைக் காலில்'

அதற்கு மேல் கிழிந்திருந்தது.

நான்ஸ் மறுபடி கூப்பிட்டாள். டார்கஸ் விரலை எடுத்தாள். தாள் தானாகவே பழையபடி சுருண்டுகொண்டது.